கருணை கூர்ந்து ஒரு மணிநேரம்

தங்கை மகனுக்காகக் கல்லூரி முதல்வருக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அவனுக்கு டிஸ்லெக்சியா. பருவத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் வேண்டும். பழக்கதோஷத்தில் 'கருணை கூர்ந்து' என்று தொடங்கிவிட்டேன். பின்னாலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தவன் கேட்டான்: "எதுக்கு மாமா கருணை? சட்டத்துல இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

மொழிக்குள் அதிகாரம் ஒளிந்திருப்பது பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகிற கை, மனு என்றதும் தானாகக் குனிகிறது. 'சலுகை' என்னும் சொல்லாடலின் வேலை இதுதான். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே பட்டியலிட்டது. அதில் இவனுக்கு இடமில்லை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21ஆக விரித்துக் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதன் 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றைச் செய்வது அரசின் கடமை. கல்லூரி அலுவலகத்துக்கு வந்துசேர்வதற்குள் அந்தக் கடமை சலுகையாகிவிடுகிறது. "பையன் நல்லாத்தான பேசுறான்?" என்று வேறு கேட்கிறார்கள். ஊனம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றை இங்கே ஒரு பிரதியாக வாசிக்கலாம். வழக்குத் தொடுத்த மாணவிக்கு எழுதுவதில் சிக்கல், டிஸ்கிராஃபியா என்கிறார்கள். 40 விழுக்காடு எனச் சான்றும் உண்டு. நீட் தேர்வில் அவளுக்குரிய ஒரு மணிநேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளைப் பிடுங்கிவிட்டார்கள். நீதிமன்றம் அவள் உரிமையை முழுதாக ஒப்புக்கொள்கிறது, தேர்வு முகமையைக் கண்டிக்கிறது. மறுதேர்வு மட்டும் கிடையாது என்கிறது. பரிகாரம் என்ன என்று ஒரு வாரத்துக்குள் யோசிக்கச் சொல்லி முகமையிடமே விடுகிறது. அநீதி இழைத்தவரே ஈட்டையும் தீர்மானிக்கலாம்! உரிமை பற்றி அவ்வளவு விரிவாகப் பேசும் பிரதிக்குள் பறிபோன அந்த ஒரு மணிநேரத்தை மட்டும் காணோம். அதே ஆண்டு பிப்ரவரியில், 40 விழுக்காட்டை எட்டாதவருக்கும் எழுதித்தர ஆள் உண்டு என்று சொன்னதும் இதே நீதிமன்றம்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மணிநேரம் என்பது யாருடைய கையின் வேகம்? 'இயல்பான கை' என்று ஒன்றைப் புனைந்துகொண்டு மற்ற கைகளை அதனால் அளக்கிறோம். தமிழ் படித்தவர்கள் நாம் இதில் இன்னும் மோசம். ல, ள, ழவும் ஒற்று மிகும் இடங்களும் நம்மிடம் அறிவின் அளவுகோலாகவே ஆகிவிட்டன. டுடோரியலில் பாடம் எடுத்த நாட்களில், 'பளம்' என்று எழுதியவன் தாளைச் சிவப்பு மையால் சுழித்து வகுப்பில் உரக்க வாசித்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சில் பாதி வகுப்பு அப்படித்தான் சொல்லும், அது வேறு. அவன் எழுதிய விடை சரியா தப்பா என்பது எனக்கு நினைவில் இல்லை. பிழை இருக்கிறது.

'கருணை கூர்ந்து' என்பதை அடித்துவிட்டுச் சட்டத்தையும் பிரிவையும் எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் படித்த கிளார்க், "என்ன சார், மிரட்டுற மாதிரி இருக்கு?" என்றார். தேர்வுக்கு இன்னும் 11 நாள். பதில் வரவில்லை.