18 கிராம் யாருக்கு?

எஸ்பிரஸோ மெஷின் பெட்டிகளின் மேல் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு அது. காபி இறங்க 9 பார் போதும். ருசியில் அதைவிடப் பெரிய பங்கு வகிக்கும் பொருளைப் பற்றிப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது: மெஷினில் மாட்டும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டருக்குள் உட்காரும் சின்ன எஃகுக் கிண்ணம், ஃபில்டர் பாஸ்கெட். இட்லித் தட்டின் குழி மாவின் அளவைச் சொல்லிவிடுகிற மாதிரி, எத்தனை கிராம் தூள் போடலாம் என்பதை இந்தக் கிண்ணம்தான் சொல்கிறது.

என் சமையலறையில் இருப்பது காஜியா கிளாசிக். அதன் போர்ட்டாஃபில்டர் 58 மி.மீ.; காபிக் கடைகளின் பெரிய மெஷின்களில் பரவலாக உள்ள அளவும் அதுவே என்பதால் மாற்று பாஸ்கெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. இந்த விமர்சனத்துக்காக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவை: இரட்டை அடி பாஸ்கெட், மெஷினுக்கான சாதாரண டபுள், வி.எஸ்.டி. நிறுவனத்தின் 15 கிராம், 18 கிராம் பாஸ்கெட்டுகள். காபியும் இரண்டு வகை: மீடியமாக வறுத்த சிக்மகளூர் அராபிகா, அராபிகாவும் ரோபஸ்டாவும் கலந்து கருக வறுத்தது.

இரட்டை அடி பாஸ்கெட்டை முதலில் பேசி முடித்துவிடலாம். உள் தட்டில் நிறையத் துளைகள், வெளித் தட்டில் ஒரே ஒரு ஊசித் துளை. தூள் தர வேண்டிய தடையை அந்த ஊசித் துளை தந்துவிடுகிறது. அதனால் கடையில் அரைத்து வாங்கிய தூளைப் போட்டாலும் மேலே நுரை வரும். நுரை வந்ததாலேயே காபி நன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஆனால் வீட்டில் காபி கிரைண்டர் இல்லாதவருக்கு இதைவிட்டால் வழியில்லை. ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: டிக்காஷனுக்கு வாங்கிய சிக்கரி கலந்த தூளை இதிலும் போடாதீர்கள், மற்றதிலும் போடாதீர்கள். சிக்கரி பெருமளவு தண்ணீரில் கரைந்துபோகும். அழுத்தத்தில் தூள் படுக்கை நிலைகுலைந்து களியாகிவிடும். அதற்குப் பித்தளை ஃபில்டரே சரியான இடம்.

இனி கிராம் கணக்கு. இத்தாலியின் தேசிய எஸ்பிரஸோ நிறுவனம் வகுத்திருக்கும் அளவு ஒரு கோப்பைக்கு 7 கிராம், கூடக் குறைய அரை கிராம். 25 விநாடியில் 25 மி.லி. இறங்க வேண்டும். டபுள் என்றால் 14 கிராம். இன்று வீடியோக்களில் பார்க்கும் 18, 20 எல்லாம் பிற்பாடு ஸ்பெஷாலிட்டி காபிக் கடைகள் பரப்பிய பழக்கம். அங்கே காபியை லேசாக வறுப்பார்கள், பெரிய கோப்பையில் பால் ஊற்றுவார்கள். அவர்கள் தேவைக்கு அது சரி. நம் வீட்டு டம்ளருக்கும் அதுதான் சரியா என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

வி.எஸ்.டி. தன் பாஸ்கெட்டுகளுக்குக் குறிப்பிடும் அளவிலிருந்து ஒரு கிராம் மேலே கீழே போகலாம் என்கிறது. அந்த ஒரு கிராம் எவ்வளவு இடம் பிடிக்கும்? 58 மி.மீ. பாஸ்கெட்டில் அமுக்கிய தூளின் உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தூளுக்கும் மேலே தண்ணீர் தெளிக்கும் ஷவர் ஸ்கிரீனுக்கும் நடுவே இருப்பதே சில மில்லிமீட்டர்தான். காஜியா கிளாசிக்கில் அந்த ஸ்கிரீனை நடுவில் ஒரு திருகு பிடித்திருக்கிறது. தூள் உயர்ந்துவிட்டால் திருகு அதில் பதியும், அந்தப் பள்ளத்தின் வழியே தண்ணீர் குறுக்கு வழி தேடும். இறங்கும் காபி, அதாவது ஷாட், ஒரு பக்கம் புளிக்கும், ஒரு பக்கம் கசக்கும்.

இதைச் சோதிக்க நாணயம் போதும். தூளை அமுக்கி, மேலே ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, போர்ட்டாஃபில்டரை மாட்டிவிட்டுத் தண்ணீர் விடாமல் கழற்றுங்கள். நாணயம் தூளுக்குள் அழுந்தியிருந்தால் அளவு கூடுதல். என் மெஷினில் மீடியம் வறுவல் 18 கிராம் பாஸ்கெட்டில் 18 கிராம் தாராளமாக உட்கார்ந்தது. அதே 18 கிராம் கருவறுவலைப் போட்டதும் நாணயம் அழுந்தியது. 17-க்கு இறங்க வேண்டியிருந்தது. காரணம் எளிது. அதிகம் வறுக்க வறுக்கக் கொட்டை எடை இழக்கும், உப்பும். ஒரே எடைக்குக் கருவறுவல் கூடுதல் இடம் கேட்கும். 15 கிராம் பாஸ்கெட்டிலும் இதே கதை: மீடியத்துக்கு 15, கருவறுவலுக்கு 14.

வேறு மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெலாங்கி டெடிக்கா 51 மி.மீ., பிரெவில் பாரிஸ்டா எக்ஸ்பிரஸ் 54 மி.மீ. 58-லிருந்து 51-க்கு வந்தால் வட்டத்தின் பரப்பு வெகுவாகச் சுருங்கி, அதே 18 கிராம் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஆழமாக நிற்கும். தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் கூடும், அரைப்பை மாற்ற வேண்டும். யாரோ சொன்ன ரெசிப்பி உங்கள் வீட்டில் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அளவைக் கூட்டினால் ஷாட் மெதுவாகும், நைசாக அரைத்தாலும் மெதுவாகும். இரண்டையும் ஒரே நாளில் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். பாஸ்கெட்டுக்கு ஏற்ற அளவை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அரைப்பை மட்டும் நகர்த்துங்கள். 15 போட்டால் 30 கிராம் காபி, 18 போட்டால் 36. 25 முதல் 30 விநாடிக்குள் வந்தால் நல்ல தொடக்கம்.

மெஷினுக்கான சாதாரண டபுள் மோசமில்லை. வி.எஸ்.டி. போன்றவற்றில் துளைகள் ஒரே சீராக இருப்பதால் அதே அரைப்பில் தண்ணீர் வேகமாக ஓடும். இன்னும் நைசாக அரைக்க வேண்டும். அந்தச் சின்னச் சின்னப் படிகளில் நகர முடியாத கிரைண்டர் வைத்திருந்தால் பாஸ்கெட்டுக்குச் செலவு செய்வது வீண். முதலில் கிரைண்டரைப் பாருங்கள். வி.எஸ்.டி. பாஸ்கெட்டின் சுவர் நேராக இறங்குவதால், தூளை அமுக்கும் 58 மி.மீ. டாம்பர் ஓரத்தில் ஒரு வளையம் தூளை அமுக்காமல் விடுகிறது, 58.5 மி.மீ. டாம்பர் கச்சிதம். இணையத்தில் மலிவாக வாங்கிய, பெயர் போடாத ஒரு பாஸ்கெட்டை விளக்குக்கு எதிரே பிடித்தபோது ஓர் ஓரத்தில் துளைகள் பாதி அடைபட்டிருந்தன. வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சிங்கிள் பாஸ்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சுவர் நடுவில் குறுகுவதால் சீராக அமுக்குவது பெரும்பாடு. அலமாரியிலேயே இருக்கட்டும்.

ருசிக்கு வருவோம். மீடியம் அராபிகாவைப் பால் இல்லாமல் குடித்தால் 18 கிராம் ஷாட் நாக்கில் கனமாக நிற்கிறது; 15-ல் அந்தக் கனம் குறைந்து பழப்புளிப்பு துலக்கமாகிறது. எனக்கு 15 பிடித்தது, பக்கத்து நாற்காலிக்கு 18. பாலில் கலக்கும்போது சந்தேகமே இல்லை. 30 கிராம் ஷாட்டுக்கு 100 மி.லி. பால், நம் டம்ளர் நிறைந்துவிடும், காபி வாசனையும் அடங்காது. 36 கிராமுக்கு அதே கனத்தில் குடிக்க டம்ளர் போதாது. ரோபஸ்டா கலந்த தூளில் 17 கிராமை மாலை ஐந்து மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று மெஷினைத் திட்டுவதில் பொருளில்லை. கையால் அரைப்பவருக்கு மூன்று கிராம் குறைவு என்பது மணிக்கட்டுக்கே தெரியும். 250 கிராம் பாக்கெட் 18-க்கு 13 ஷாட், 15-க்கு 16 ஷாட்.

ஒரே ஒரு பாஸ்கெட் வாங்குவதென்றால் 15 கிராம். பெரிய மக்கில் பால் ஊற்றிக் குடிப்பவர்களும் ஒரு ஷாட்டை இருவர் பங்கிடும் வீடுகளும் 18 வாங்கலாம். 20, 22 வீட்டுக்குத் தேவையில்லை. இரண்டு பாஸ்கெட்டும் புழங்கும் வீட்டில், ஒவ்வொன்றுக்கும் கிரைண்டர் எந்த எண்ணில் நின்றது என்று பென்சிலால் கிரைண்டர் மேலேயே குறித்து வையுங்கள். பாஸ்கெட் மாற்றியதும் பழைய அரைப்பில் தங்கிய தூளை இரண்டு கிராம் அரைத்துத் தள்ளிவிட்டு, பிறகு ஷாட்டுக்கு அரையுங்கள்.