இரண்டு ஸ்பிரிங்குகளின் பிடி

சீலிங்கில் பதித்த விளக்கில் எல்லோருக்கும் தெரிவது வெளிச்சம். அதைத் தாங்குவதோ பலகைக்கு மேலே ஒளிந்திருக்கும் இரண்டு ஸ்பிரிங் கிளிப்புகள்.

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ புதுவீட்டுக்கு ஜிப்சம் சீலிங் அடித்தால், முதலில் வட்டமாக ஓட்டை வெட்டுவார்கள். வயரிங் செய்பவர் கிளிப்புகளை மேல்நோக்கி மடக்கிப் பிடித்து, விளக்கை உள்ளே தள்ளி, விரலை எடுப்பார். கிளிப்பின் கால்கள் சட்டென்று விரிந்து பலகையின் மேற்புறத்தில் அழுந்தும். கீழே விளிம்பு, மேலே கால்கள், நடுவில் பலகை. ஆணியில்லை, திருகாணியில்லை. (விரல் தாமதித்தால் அடி நிச்சயம்.)

ஓட்டை பெரிதானால் கிளிப் பிடிக்காது. பழைய வீடுகளின் அஸ்பெஸ்டஸ் தகட்டிலோ வெட்டுவதே ஆபத்து. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. மலைநாட்டு ஈரத்தில் மட்டமான ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளரவும் செய்யும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்தில் இந்தக் கிளிப்புக்கு வேலையில்லை. 10 அடிக்கு 12 அடி அறை, தகரக் கூரை, பல இடங்களில் சீலிங்கே கிடையாது. மின்குமிழ் வயரிலேயே தொங்கும். இந்திய உதவியில் 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி தனிவீடுகளில் லயத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் சீலிங் அடிக்க நினைத்தால்தான் இந்தக் கிளிப்பைத் தேடிக் கடைக்குப் போவார்கள்.