காதும் மூக்கும் கற்கும் சமையல்

கடுகு வெடிக்கிற ஓசையை அடுத்த அறையிலிருந்து கேட்டே எண்ணெயின் சூட்டைச் சொல்லிவிடுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. காயாத எண்ணெயில் போட்ட கடுகு பொரியாமல் கிடந்து, கடைசியில் வாயில் கசக்கும். பதமாகக் காய்ந்த எண்ணெயில் விழுந்தால், உள்ளிருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்க, படபடவென்று பொரிந்து அடங்கும். அந்த ஓசை தணியும்போது உளுத்தம்பருப்பு; அது பொன்னிறமாகும்போது மிளகாயும் பெருங்காயமும்; முடிவில் கறிவேப்பிலை. ஒரு நிமிடம்கூட ஆகாத தாளிப்பில் காதும் கண்ணும் மூக்கும் முறைவைத்து வேலை செய்கின்றன. தமிழ்ச் சமையலின் அழகு முழுவதையும் நான் இந்தச் சிறு பொழுதில்தான் காண்கிறேன். கோடை விடுமுறையில் குழந்தைகளை அடுப்படிக்குக் கூப்பிடுவதும் இதற்காகத்தான். அங்கே அவர்கள் புலன்கள் கூர்மையாகின்றன.

அளவுகளைப் புத்தகம் சொல்லிவிடும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தபோது, பக்கத்தில் நின்று சொல்லித்தரப் பெரியவர்கள் இல்லாத வீடுகளுக்கும் அளவும் செய்முறையும் போய்ச் சேர்ந்தன. அதைப் பெரும் தொண்டு என்றே சொல்வேன். ஆனாலும் ரசம் நுரைகட்டி எழும்பும் அந்தக் கணத்தில், கொதிக்க விடாமல் இறக்க வேண்டுமென்று மூக்கு சொல்லுமே, அதைப் பக்கத்தில் நின்று பழகித்தான் பெற முடியும். பள்ளி நாளின் காலை அவசரத்தில் அதற்கு இடமில்லை. சித்திரையும் வைகாசியும் அந்த அவகாசத்தைத் தருகின்றன.

முதல் பாடத்துக்கு அடுப்பே வேண்டாம், பானகம் போதும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் தித்திப்புதான் இருக்கும். எலுமிச்சை பிழிந்து மறுபடி ஒரு வாய்; பிறகு சுக்கும் ஏலமும் சேர்த்து இன்னொரு வாய்; கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு விழுந்ததும் இனிப்பு எடுப்பாகத் தெரிவதைக் குழந்தையின் நாக்கே கண்டுபிடித்துவிடும். ஒரு சுவை இன்னொன்றைத் தூக்கி நிறுத்தும் என்ற பெரிய உண்மை ஒரு தம்ளர் பானகத்தில் புரிந்துவிடுகிறது. அடுத்த நாள் நீர்மோரில் இஞ்சியையும் பச்சைமிளகாயையும் எவ்வளவு தட்டிப்போடுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

அடுத்தது தோசைக்கல். பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, தழைந்த உடுப்பில்லாமல் குழந்தை நின்று பழக ஏற்ற இடம் அது. தண்ணீர் தெளித்துப் பார்ப்பதில் பாடம் தொடங்குகிறது. துளிகள் சட்டென்று சீறி மறைந்தால் கல் தயார். அளவுக்குமேல் காய்ந்த கல்லில் மாவு விரியாமல் கரண்டியோடு சுருண்டு வரும்; காயாத கல்லில் தோசை ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஊற்றி, அழுத்தாமல் சுற்றி இழுக்கும் மணிக்கட்டின் தளர்ச்சி ஓரிரண்டு தோசையில் வந்துவிடாது. வந்த நாளில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஈரம் வற்ற வற்ற 'உஸ்' சத்தம் தணிவதையும், ஓரம் தானாகவே கல்லை விட்டு எழுவதையும் கவனிக்கக் கற்ற பிள்ளைக்கு எப்போது திருப்புவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் கடலை உருண்டைக்கான வெல்லப்பாகு. கொதிக்கும் பாகு ஆபத்தானது. கிளறுவது பெரியவர் வேலை. கிண்ணத் தண்ணீரோடு நீதிபதியாக உட்கார்ந்திருப்பது குழந்தை. முதல் சொட்டு தண்ணீரில் கரைந்து போகும். சற்றுப் பொறுத்து விட்ட சொட்டு விரலுக்குள் குழைந்து உருளும். இன்னும் சற்று நேரத்தில் அது இறுகி, கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினால் 'டக்'கென்று கேட்கும். அந்த ஓசைதான் அடுப்பை அணைக்கச் சொல்லும் கட்டளை. பாகு எப்படி இறுகுகிறது என்பதைத் தொட்டும் கேட்டும் அறிய இதைவிட அருமையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

கோடைக்கே உரிய பாடங்கள் மொட்டை மாடியிலும் ஊறுகாய் ஜாடியிலும் இருக்கின்றன. வடாத்துக்குக் கூழ் கிளறும்போது உப்பு நாவுக்குச் சற்றுக் குறைவாகவே தெரிய வேண்டும். வெயிலில் ஈரம் போனபின் உப்பு தூக்கலாகிவிடும். நாளைக்கு வரப்போகும் சுவையை இன்றைக்கே மனத்தில் ருசிக்க ஒரு குழந்தை பழகுவது எவ்வளவு பெரிய கற்பனைப் பயிற்சி! மாவடு ஜாடியைத் தினமும் குலுக்கிவிடும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுக்கலாம். உப்பு இழுத்த நீரில் வடு சுருங்கிச் சுருங்கி வருவதைப் பார்க்கிற பிள்ளைக்குக் காத்திருத்தலும் சமையலின் ஒரு பகுதி என்று தெரிந்துவிடும்.

இந்தப் பாடம் பெண் குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நம் மரபு சமையலின் உச்சத்துக்கு வைத்த பெயர்களே நளபாகமும் வீமபாகமும்தானே? வீமன் விராட மன்னனின் மடைப்பள்ளியில் சமைத்தவன். நளனோ உருவம் மாறித் தேரோட்டியாக வந்திருந்தபோது, தமயந்தி அவன் சமைத்ததை வரவழைத்து உண்டு பார்த்தாள். அந்தக் கை யாருடையது என்று நாவால் அறிந்தாள். முகம் மறைந்த பிறகும் கைப்பக்குவம் மறையவில்லை.

ஆகவே விடுமுறை முடிவதற்குள் ஒரு வேளைச் சமையலை முழுவதுமாகப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் வைக்கும் ரசத்தில் மிளகு கொஞ்சம் ஏறியிருக்கலாம். புளிப்பு அம்மா வைப்பதைவிடக் குறைந்திருக்கலாம். திருத்துவதற்கு முன் நிதானமாக உண்டு பாருங்கள். ருசித்து ருசித்து அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்த சுவை அது. வீட்டுக்குள் புதிதாக ஒரு கைப்பக்குவம் பிறந்திருக்கிறது. இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.