செங்கத்துக்கு மலைவழியே வாருங்கள்

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில், சேயாற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் செங்கம். திருவண்ணாமலைக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே டீ குடிக்க இறங்குகிறவர்களே அதிகம். பேருந்து நிலையத்தை மட்டும் பார்த்தால் இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த ஊருக்கு வழிகாட்டி நூல் எப்போதோ எழுதியாயிற்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு 583 அடிகளில் வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாறை எங்கே வழுக்கும், யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும், எல்லாம் உண்டு. வழி பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து வையுங்கள் என்றுகூடச் சொல்கிறார் அதைப் பாடிய பெருங்கௌசிகனார். எனவே மலையைச் சுற்றிவிட்டு, ஆற்றோடு இறங்கி, கடைசியில் ஊருக்குள் நுழைவதுதான் சரியான வரிசை.

வழியோர நடுகற்களும் அந்தப் பாட்டில் வருகின்றன. இன்று சுற்றுவட்டாரத்தில் பார்க்கக் கிடைப்பவற்றில் பல, அதற்குப் பின் பல்லவர் காலத்தில் நட்டவை. 1972-ல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ வந்த பிறகுதான் இவற்றின் அருமை வெளியூருக்குத் தெரிந்தது. உள்ளூரில் நடுகல் என்று விசாரிப்பதைவிட வேடியப்பன் கோயில் எங்கே என்று கேட்பது நல்லது. மஞ்சள் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடும் வேடியப்பன் பல இடங்களில் இப்படிப்பட்ட ஒரு வீரக்கல்தான். உச்சிவெயிலில் போனால் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது வட்டெழுத்தும் வீரன் கையிலுள்ள வில்லும் துலங்கும்.

ஒரே ஒரு கல்லுக்குத்தான் நேரம் என்றால் எடுத்தனூர். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளை மீட்கப் போய் இறந்த வீரனோடு, இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் ரிஷபேசுவரர் கோயிலும் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலும் இருக்கின்றன. பூசை நேரத்தில் போனால் ஊர்க்காரர்களோடு பேச்சுக் கொடுக்கலாம்.

1767 செப்டம்பரில் ஹைதர் அலி, ஆங்கிலேயக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையைத் தாக்கியதும் இங்கேதான். போர்க்களம் எது என்று தேடி அலைய வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற பேருந்தில் சன்னலோர இடம் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும்போது, படை நடத்துகிறவர்கள் இந்தக் கணவாய்க்கு ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது தானே விளங்கும்.