துணைக்கு வந்தவர் பதில் சொல்லும்போது

ஆள் கடத்தலில் சிக்கியவரை, பிடித்து வைத்திருப்பவரே வெளியே அழைத்து வரும் இடங்கள் குறைவு. அவற்றில் முக்கியமானது மருத்துவமனை. வேலை வாங்க உடம்பு வேண்டும். காயம் சீழ் பிடித்தால் மேஸ்திரியே ஆட்டோ பிடித்துக் கூட்டி வருவார். அமெரிக்காவில் லாரா லெடரரும் கிறிஸ்டபர் வெட்செலும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்டு மீண்ட பெண்களில் ஏறத்தாழ 88 சதவீதம் பேர் சிக்கியிருந்த காலத்திலேயே மருத்துவப் பணியாளர் யாரையாவது சந்தித்திருக்கிறார்கள். ஆய்வு சிறியது, சுமார் நூறு பேர்தான். தப்பி வந்தவர்களை மட்டுமே கேட்டது. கட்டாய உழைப்பை அது தொடவில்லை. ஆனாலும் அது எழுப்பும் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது: இத்தனை பேர் பார்த்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது. கழிப்பறைக் கதவுகளில் உதவி எண்கள் ஒட்டப்பட்டன. இவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பது, நோயாளியைத் தனியே பார்க்கும் பழக்கத்தை. எக்ஸ்ரே அறைக்குள் துணைக்கு வந்தவர் நுழைய முடியாது. கதவைச் சாத்திய அந்தச் சில நிமிடங்களில் செவிலியர் சாதாரணமாகவே கேட்கலாம்: ராத்திரி எங்கே படுக்கிறீர்கள்? சம்பளம் உங்கள் கைக்கு வருகிறதா? ஊருக்குப் போக நினைத்தால் விடுவார்களா? மொழி தெரியாதவரானால் கூட வந்தவரை மொழிபெயர்க்க விடக் கூடாது; வேறு ஒருவரைத் தேட வேண்டும். டிக்னிட்டி ஹெல்த் மருத்துவமனைக் குழுமம் பிற அமைப்புகளோடு சேர்ந்து வகுத்த நடைமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாயைப் பிடுங்குவது அதன் நோக்கமில்லை. உங்களுக்கு இன்ன உரிமை இருக்கிறது, இன்ன இடத்தில் உதவி கிடைக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறது. அன்று வாய் திறக்காதவர் மறுமுறை வரும்போது திறக்கக்கூடும். இந்தப் பொறுமைதான் இம்முயற்சியின் உயிர்.

அடையாளப் பட்டியல்களின் மேல் எனக்கு அந்த மதிப்பு இல்லை. பயந்த பார்வை, கையில் அடையாள அட்டை இல்லாமை, முகவரி சொல்லத் திணறல், கூட வந்தவரே பதில் சொல்வது என்று பட்டியல் நீள்கிறது. திருப்பூரில் ஓபி வரிசையில் நிற்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர் பலருக்கும் இதில் பாதி பொருந்திவிடும். தமிழ் தெரியாததால்தான் சூப்பர்வைசர் பேசுகிறார். ஆனால் அரிசி ஆலையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பவர் தமிழ் பேசுவார், வாக்காளர் அட்டை வைத்திருப்பார், மனைவி பிள்ளையோடு வருவார். பட்டியலில் ஒரு கட்டம்கூட நிரம்பாது. பாலியல் கடத்தலை மனத்தில் வைத்துப் போட்ட பட்டியலுக்குக் கொத்தடிமை கண்ணில் படாததில் வியப்பில்லை.

நம் சட்டமோ மருத்துவரைப் பெரும்பாலும் மீட்புக்குப் பிறகே கூப்பிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 15(5ஏ) பிரிவு, சோதனையில் மீட்கப்பட்டவரை வயது, காயம், பால்வினை நோய் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கச் சொல்கிறது. எலும்பு எக்ஸ்ரேயில் வயது இரண்டு ஆண்டு முன்பின்னாகலாம். அந்தப் பெண் எந்த இல்லத்துக்குப் போவாள் என்பது பெரும்பாலும் அந்தச் சான்றிதழைப் பொறுத்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

உடனே போலீசுக்குச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் ஆபத்தானது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் தகவல் தருவது கட்டாயம். குழந்தையைக் காக்க அது தேவையும்கூட. ஆனால் போலீசுக்குத் தகவல் போய்விடும் என்ற பயத்திலேயே கர்ப்பமான சிறுமிகள் மருந்துக்கடை மாத்திரையை நாடும் நிலை வந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று தளர்த்தியது. வயது வந்த பெண்கள் விஷயம் வேறு. விருப்பத்துக்கு மாறாகக் காப்பு இல்லங்களில் அடைபட்டிருப்போரைக் கணக்கெடுக்கும்படி அதே ஆண்டு மே மாதம் அதே நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. போலீசுக்கு போன் போடும் முன் மருத்துவர் இதையும் யோசிக்க வேண்டும், அந்தப் பெண்ணின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். யோசிக்காமல் போலீசைக் கூப்பிடுவதைவிட மோசம், சந்தேகத்தை ஓபி சீட்டில் எழுதுவது. அந்தச் சீட்டு போய்ச் சேர்வது கூட வந்தவர் சட்டைப் பைக்கு.

கொத்தடிமை விஷயத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. விடுவிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் அவருக்குக் கீழுள்ள வருவாய்த் துறை அதிகாரிகளுக்கும் உரியது. விடுதலைச் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. இதை மருத்துவக் கல்லூரி வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும் என்பேன். அதைவிட அவசரமாகக் கிராம சுகாதார செவிலியர்களுக்குச் சொல்ல வேண்டும். செங்கல் சூளைக்குள் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு போகும் வெளியாள் அவர்தான். எந்தக் குடும்பம் எத்தனை நாளாக ஊருக்குப் போகவில்லை என்பது அவர் காதில் விழும். ஆனால் தகவல் கொடுத்தவர் அவர்தான் என்று சூளைக்காரருக்குத் தெரிந்தால் அடுத்த முறை கேட் திறக்காது. அங்குள்ள குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போய்விடும். ஆகவே அவர் சொல்வதை வட்டார மருத்துவ அலுவலர் தம் பொறுப்பில் ஆர்.டி.ஓ.விடம் சேர்க்க வேண்டும். செவிலியர் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது.