மூன்று சொற்களின் விலை

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவோர் சட்ட வாசகங்களின் பக்கம் பெரும்பாலும் தலை வைப்பதில்லை. சிறுகதையில் ஒரு சொல் இடறிவிட்டால் பக்கக் கணக்கில் எழுதித் தள்ளுகிறோம். ஆனால் எந்தச் சொல்லின் தயவால் ஒரு குடும்பம் அயல்நாட்டில் வேர்விடுகிறதோ, எந்தச் சொல்லின் கோளாறால் அது வேரோடு பிடுங்கப்படுகிறதோ, அந்தச் சொல்லை வக்கீல்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். இக்கட்டுரை அத்தகைய ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, இலக்கியத் திறனாய்வாளன் கேட்கும் கேள்விகளையே அதனிடமும் கேட்க முனைகிறது.

'விரிவான நோய்க் காப்பீடு' என்பதே அத்தொடர். ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் பிறப்பித்த 38ஆம் இலக்க நெறியாணையின் ஏழாவது பிரிவில் அது வருகிறது. ஓர் உறுப்பு நாட்டின் குடிமகன் மற்றோர் உறுப்பு நாட்டில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்க விரும்பினால், அவன் அங்கே தொழில் செய்பவனாக இருக்க வேண்டும். மாணவனாகவோ, சொந்தப் பொருளைக் கொண்டு வாழ்பவனாகவோ இருப்பின், தனக்கும் தன் குடும்பத்தாருக்கும் போதிய வருவாயோடு இந்தக் காப்பீடும் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தார் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணவர் பாகிஸ்தானியராக இருக்கலாம்; மனைவி கொலம்பியாவில் பிறந்தவராக இருக்கலாம். ஆதலால் இது ஐரோப்பியரின் உள்வீட்டு விவகாரம் மட்டுமன்று.

அத்தொடருக்கு நெறியாணை பொருள் வரையறுக்கவே இல்லை. 1990ஆம் ஆண்டின் பழைய ஆணை, 'எல்லா இடர்களுக்குமான நோய்க் காப்பீடு' என்று கூறியது. 2004இல் 'எல்லா இடர்களும்' மறைந்து 'விரிவான' என்னும் அடை வந்து அமர்ந்தது. எவ்வளவு விரிவு? யார் வழங்கும் காப்பீடு? தனியார் கம்பெனியின் பாலிசியா, அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருப்பதே போதுமா? வாசகம் வாய் திறக்கவில்லை. கவிதையில் மௌனம் அணியாகலாம். சட்டத்தில் மௌனம் இருந்தால், அந்த இடத்தில் பேசுபவர் குமாஸ்தா.

பிரிட்டனில் அப்படித்தான் நேர்ந்தது. 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய சுகாதார சேவை, அந்நாட்டில் முறையாக வசிப்பவர் எவராயினும் சிகிச்சைக்குக் கட்டணம் கேளாமல் கதவைத் திறந்து வைத்த நிறுவனம். பிரான்சிலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ வந்து சேர்ந்த ஒரு பெண் தெருக்கோடி மருத்துவரிடம் பெயர் பதிந்துகொள்வாள், பிள்ளை பெறுவாள், அப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வாள். உனக்குத் தனியார் இன்ஷூரன்ஸ் உண்டா என்று அவளை அங்கே எவரும் கேட்பதில்லை. ஆனால் உள்துறை அலுவலகம், மாணவர்களும் உழைப்புச் சந்தைக்கு வெளியே வாழ்வோரும் தனியார் பாலிசியையோ தாய்நாடு தரும் ஐரோப்பிய சுகாதார அட்டையையோ வைத்திருந்தால்தான் அவர்களுடைய வாசம் சட்டப்படியானது என்று அத்தொடருக்குப் பொருள் கொண்டது. மருத்துவமனை அவளை உள்ளே அழைத்தது. குடியேற்றச் சட்டமோ நீ இங்கே இருந்ததாகவே கணக்கில்லை என்றது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் வாய்மொழி!

டென்மார்க்குப் பெண்மணி ஒருவரின் பாகிஸ்தானியக் கணவர் இப்பொருளை எதிர்த்து வழக்காடினார். மனைவி படிப்பில் இருந்த காலத்திற்குக் காப்பீடு இல்லை என்பதால் நிரந்தர வாசத்திற்கான ஐந்தாண்டுக் கணக்கு அறுந்து போயிருந்தது. 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுச் சேவையில் சிகிச்சை பெறும் உரிமை 'காப்பீடு' ஆகாது என்று தீர்ப்பளித்தது. சொல்லளவில் பார்த்தால் அத்தீர்ப்பில் குறை காண்பது கடினம். காப்பீடு என்பது ஓர் ஒப்பந்தம். பொதுச் சேவை ஒப்பந்தமன்று. ஆயினும் சட்டத்தைப் பொருள்கொள்ளும்போது, இது எந்தத் தீமையைத் தடுக்கப் பிறந்தது என்று கேட்பது பழைய மரபு. வந்தவர் உள்ளூர்ப் பொக்கிஷத்திற்கு அளவு மீறிய சுமையாகிவிடலாகாது என்பதே இந்நிபந்தனையின் நோக்கம். கணவர் வரி கட்டுகிறார், மனைவி படிக்கிறாள், இருவரும் எவரிடமும் கையேந்தவில்லை என்னும்போது அந்தத் தீமை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே பாதி விடை சொல்லியிருந்தது. பிரிட்டனில் குடும்பத்தோடு வாழ்ந்த ஜெர்மானியர் ஒருவரின் ஜெர்மன் பாலிசி, பிரிட்டனில் அவசரச் சிகிச்சைக்குச் செல்லாது என்ற ஒரே காரணத்தால் அவருடைய வாசம் மறுக்கப்பட்டது. அவர் ஆண்டுக்கணக்கில் எவருக்கும் சுமையாகாமல் வாழ்ந்தவர். இந்தச் சிறு குறைக்காக மறுப்பது அளவுக்கு மிஞ்சிய தண்டனை என்று லக்ஸம்பர்க் நீதிபதிகள் கூறினர். அந்த அறிவுரை பிரிட்டிஷ் அலுவலகத்தின் மேசைக்கு வந்து சேரவில்லை போலும்.

2016 ஜூன் 23ஆம் நாள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்த பின்னர்தான் இத்தொடரின் கூர்மை பலருக்கு உறைத்தது. நிரந்தர வாசச் சான்று கேட்டு ஐரோப்பியர் விண்ணப்பிக்கலாயினர். அந்தப் படிவம் 85 பக்கம். அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், ஆங்கிலேயரை மணந்து பத்து, இருபது ஆண்டு குழந்தைகளையும் முதிய மாமியாரையும் பேணிய பெண்கள் தம்மிடம் இருந்திருக்க வேண்டிய பாலிசியைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். நிபந்தனை கடுமையானது என்பதைவிட, நிறைவேற்ற வேண்டிய காலத்தில் அது எவர் காதிலும் விழாதிருந்ததே பெருங்குற்றம் என்பது நமது கருத்து. பிற்பாடு 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்ட குடியமர்வுத் திட்டத்தில் பிரிட்டிஷ் அரசே இந்த நிபந்தனையைக் கைவிட்டது. கைவிடக்கூடியதை அத்தனை ஆண்டுகள் எதற்காகப் பற்றிக்கொண்டிருந்தது?

முழு விடை 2022 மார்ச் 10ஆம் நாள் வந்தது. வட அயர்லாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானியத் தாய் ஒருவர். அங்கே பிறந்த அவருடைய மகன் அயர்லாந்துக் குடிமகன். தனியார் காப்பீடு இல்லாதிருந்த காலத்திற்குக் குழந்தைகளுக்கான உதவித் தொகை கிடையாது என்று வரித்துறை மறுத்தது. ஒரு நாடு தன் பொதுச் சுகாதார ஏற்பாட்டில் ஒருவரை இலவசமாகச் சேர்த்துக்கொண்டுவிட்டால், அதுவே 'விரிவான நோய்க் காப்பீடு'. பிறகு அதே காரணம் காட்டி வாச உரிமையை மறுப்பது தகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் உரைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறி ஈராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மேலும், சேர்த்துக்கொண்டாயானால் உரிமை உண்டு என்ற தீர்ப்பு, முதலில் சேர்த்துக்கொள் என்று எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டணம் வைக்கவும் இடம் கொடுத்தது. தொடரின் புதிர் ஒரு பாதிதான் அவிழ்ந்தது.

மறு பாதியைக் காண ஸ்பெயினுக்குப் போக வேண்டும். ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து, வேலை செய்யாமல் சொந்த வருவாயில் வாழ வருவோருக்கு அங்கே தனி விசா உண்டு. இங்கே வாசகத்தில் மயக்கமே இல்லை. ஸ்பெயினில் தொழில் நடத்த அனுமதி பெற்ற கம்பெனியின் பாலிசி வேண்டும். பொதுச் சுகாதார முறை தருவதற்குக் குறையாத சிகிச்சை வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி கைக்காசு போடும் ஏற்பாடும், இத்தனை மாதம் பொறுத்திரு என்னும் காத்திருப்புக் காலமும் இல்லாத பாலிசியையே தூதரகங்கள் கேட்கின்றன. அதுபோக, குறிப்பெண் ஒன்றின் நான்கு மடங்கு வருவாய் காட்ட வேண்டும். அக்குறிப்பெண் 600 யூரோவாக இருந்த 2024ஆம் ஆண்டில் மாதம் 2,400 யூரோ.

தெளிவு வந்துவிட்டது; நீதி வந்ததா என்றால் இல்லை. வாங்கு என்று அரசு விண்ணப்பதாரனுக்கு ஆணையிடுகிறது. விற்றே ஆக வேண்டும் என்று கம்பெனிக்கு ஆணையிடவில்லை. 1980ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டப்படி கம்பெனி நோய்களைப் பற்றி வினாப்பட்டியல் நீட்டும். பதிலைப் பார்த்துவிட்டு மறுக்கலாம், அல்லது பழைய நோயை விலக்கிவிட்டுப் பாலிசி தரலாம். விலக்கோடு கூடிய பாலிசியைத் தூதரகம் முழுமையானதன்று எனத் தள்ள இடமிருக்கிறது. எழுபது வயதில் சர்க்கரை வியாதியும் இருதய அறுவையும் கண்ட மனிதர், வங்கியில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், கடையில் இல்லாத பண்டத்தை வாங்கிவரச் சொல்லப்பட்ட பிள்ளையின் நிலையில் நிற்கிறார். எய்ட்ஸ் கிருமியைக் காரணம் காட்டி மறுப்பதை 2018இல் அந்நாடு தடை செய்தது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு ஆனவரை அதைச் சொல்லி ஒதுக்கலாகாது என்று 2023இல் விதித்தது. பாராட்ட வேண்டிய திருத்தங்களே. சர்க்கரை வியாதிக்காரருக்கு அவை ஒன்றும் செய்யவில்லை.

நோயாளிகள் சிகிச்சைக்காகவே படையெடுத்து வருவார்கள் என்று அரசு அஞ்சுவதில் நியாயம் உண்டு என்று சொல்வோர் உளர். அந்த அச்சத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே ஸ்பெயின், 2013ஆம் ஆண்டின் 576ஆம் அரசாணைப்படி, ஓராண்டு வசித்துவிட்ட வெளிநாட்டவர் பொதுச் சுகாதார முறையிலேயே பணம் கட்டிச் சேர வழி வைத்திருக்கிறது. 65 வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 60 யூரோ; அதற்கு மேற்பட்டவருக்கு 157 யூரோ. நோய் என்னவென்று கேள்வியில்லை. வெளியே வாங்கும் மருந்துக்குச் சலுகை கிடையாது என்பது ஒரு குறைதான். ஆயினும், முதியவர் ஒருவரின் சிகிச்சைக்கு விலை நிர்ணயிக்க அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்பது இதனால் கண்கூடு. அந்த 157 யூரோவை முதல் நாளிலேயே வாங்கிக்கொள்ளத் தடை என்ன? ஓராண்டு தனியார் வாசலில் நின்றுவிட்டு வா என்பது, வலுவுள்ளவரை மட்டும் பொறுக்கி எடுக்கும் சல்லடையாகவே நமக்குப் படுகிறது.

பிரிட்டனின் இன்றைய வழி வேறு. ஆறு மாதத்திற்கு மேல் தங்க விசா கேட்போரிடம் 2015 முதல் சுகாதாரக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 200 பவுனாகத் தொடங்கியது, 2019இல் 400, 2020இல் 624, 2024 பிப்ரவரியில் 1,035 என்று ஏறியது. ஐந்தாண்டு விசாவுக்கு 5,175 பவுனை முன்கூட்டியே மொத்தமாக வைக்க வேண்டும். வேலைக்கு வந்தவர் வரியும் கட்டி இதையும் கட்டுவது ஒரே பயணத்திற்கு இரண்டு டிக்கெட் வாங்குவது போன்றது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கட்டணம் வயதையும் நோயையும் பார்த்து ஏறுவதில்லை. கொடுமையான விலை, ஆனால் எல்லோருக்கும் விற்கப்படும் பண்டம்.

இனி, நம் ஊர்களுக்கு நெருக்கமான வளைகுடா. துபாயின் 2013ஆம் ஆண்டு 11ஆம் சட்டம், காப்பீட்டைத் தொழிலாளி தலையில் வைக்காமல் முதலாளி தலையில் வைத்தது. பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாகாது என்றும் விதித்தது. காப்பீடு இன்றி விசா புதுப்பிக்கப்படாது. மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் அவர்களை அழைத்துவந்தவரே பொறுப்பு. குறைந்த சம்பளக்காரருக்கான அடிப்படைத் திட்டத்தில் ஆண்டு வரம்பு 150,000 திர்ஹம் என்று வைத்தார்கள். அதுவரை இன்ஷூரன்ஸ் இல்லாதவர் முதன்முதலாகச் சேரும்போது பழைய நோய்களுக்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. 2025 ஜனவரி முதல் வட அமீரகங்களிலும் ஆண்டுக்கு 320 திர்ஹம் பிரீமியத்தில் அடிப்படைத் திட்டம் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய வாசகங்களோடு ஒப்பிட்டால் இச்சட்டம் உழைப்பாளியிடம் கருணை காட்டுகிறது என்றே கூறுவோம். முதிய பெற்றோரின் செய்தி வேறு. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்.

சவூதியின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் 'கூட்டுறவு' என்னும் சொல்லைப் பெயரிலேயே சூடியது. வாணிப இன்ஷூரன்ஸ் ஆகாது, கூட்டுறவு முறை ஆகும் என்று இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1985இல் ஜித்தாவில் முடிவு கூறியிருந்ததை நம் வாசகர் பலரும் அறிவர். ஆதலால் அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் கூட்டுறவு என்றால் மிச்சம் யாருக்கு என்று கேட்க வேண்டாமா? 2003ஆம் ஆண்டின் காப்பீட்டு மேற்பார்வைச் சட்டத்திற்கு எழுதப்பட்ட விதிகளின்படி, உபரியில் பத்து சதவீதம் பாலிசிதாரருக்கு, தொண்ணூறு சதவீதம் பங்குதாரருக்கு! பெயரைக் கூட்டுறவு என்று வைத்துவிட்டுப் பெட்டியைக் கம்பெனி என்று பூட்டியிருக்கிறார்கள். 'விரிவான' என்ற அடையைப் பற்றி நாம் எழுப்பிய ஐயம் இந்த அடைக்கும் பொருந்தும்.

நம் நாட்டரசும் வாளாவிருக்கவில்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையினருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் பாலிசியை 2003 முதல் கட்டாயமாக்கியது. 2017இல் திருத்தப்பட்டபோது, இரண்டாண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் பத்து லட்சம் ரூபாய் என்றாயிற்று. பிரீமியமோ ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அதன் வாசகம் உயிரோடிருப்பவரின் நீண்டநாள் வியாதியைவிட மரணத்தைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது.

இவை எல்லாவற்றிலும் தொழிலாளி கையொப்பமிடும் ஒரு தாள் உண்டு. தனக்கு முன்பே இருந்த நோய்களை அறிவிக்கும் தாள். பெரும்பாலும் அரபியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஏஜெண்டு 'இல்லை' என்ற கட்டங்களில் குறியிட்டு நீட்டுவான், இவர் பெயரெழுதுவார். பிற்பாடு ஆஸ்பத்திரியில் படுக்கும் நாளில், அந்தக் குறியே பணம் மறுக்கக் காரணமாக எழுந்து வரும். அயல்நாடுகளில் இயங்கும் நம் சங்கங்கள் மலர்கள் வெளியிடுகின்றன, விழாக்கள் எடுக்கின்றன. இந்த ஒரு தாளை நல்ல தமிழில் பெயர்த்து, 'இரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீரா' என்று புரியும்படி அச்சிட்டு, விமானம் ஏறுமுன் ஊரிலேயே கையில் கொடுக்க எந்தச் சங்கம் முன்வரும்?