கூரைக்கு அடியில் ஒரு பூனை

சித்தேரி மலையிலிருந்து அரூர் சந்தைக்கு இறங்கும் சிறுமிகளின் தலைக் கிளிப்பில் ஒரு வெள்ளைப் பூனை இருக்கும். ஒரு காதில் சிவப்பு ரிப்பன், இரண்டு கண், மஞ்சள் மூக்கு, ஆறு மீசை முடி. வாய் கிடையாது. 'பூனை கிளிப்' என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். ஹலோ கிட்டி என்ற பெயர் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

1974இல் ஜப்பானின் சான்ரியோ நிறுவனத்தில் வரையப்பட்ட அந்தப் பூனை முதலில் ஒரு சில்லறைக் காசுப் பையின் மேல்தான் வந்தது. நம் பீமனும் திரௌபதியும் கதையில் பிறந்து, பிறகு பொம்மையானவர்கள். இது பொருளின் மேல் பிறந்துவிட்டுக் கதையைத் தேடிப் போனது. டோக்கியோ பெருநகரின் மேற்கே உள்ள தாமாவில் 1990 டிசம்பர் 7 அன்று திறந்த சான்ரியோ ப்யூரோலேண்ட் பூங்காவை அந்தத் தேடலாகவே பார்க்கிறேன்.

முழுப் பூங்காவும் கூரைக்கு அடியில். மழை, வெயில், குளிர் எதுவும் ஆட்டத்தைக் கலைக்காது. ரயிலை விட்டு இறங்கினால் சில நிமிட நடை. ஆனால் 1983இலேயே டோக்கியோ டிஸ்னிலேண்ட் வந்துவிட்டது. திறந்தவெளியில் பரந்து கிடக்கும் அதனோடு, நான்கு சுவருக்குள் இருக்கும் இடம் ராட்டினத்தை வைத்துப் போட்டி போட முடியாது. திறந்த கொஞ்ச நாளில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழியும் உடைந்தது. பல ஆண்டுகள் திணறல்தான்.

மீட்சி மேடையிலிருந்து வந்தது. 2014இல் ஆலோசகராக வந்து பின்னர் தலைமையேற்ற ஆயா கோமாகி, வேலை தொடங்குமுன் ஊழியர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பேச வைத்தார். குழந்தைகளுக்கு மட்டும் என்றிருந்த இடம், பூனையோடு வளர்ந்த பெரியவர்களையும் அழைத்தது. 2018இல் ஹலோ கிட்டி ஜப்பானின் மரபு நாடகமான கபுகி ஆடியது. அதுவும் கபுகியை நடத்திவரும் ஷோச்சிக்கு நிறுவனத்தின் துணையோடு. அந்த நிதியாண்டில் வருகை 20 லட்சத்தைத் தாண்டியது. கூரை அப்போதுதான் பலமானது. மூடிய அரங்கில் ஒளியும் ஒலியும் கைக்குள் இருக்கும். ஆட்டக்காரர் பத்தடி தூரத்தில் இருப்பார். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நெருக்கத்தின் விலை தெரியும்.

குறை என்று நான் சொல்வது பூங்காவில் பூனைப் பொருள் விற்கும் கடையை மட்டுமல்ல. பொருளில் பிறந்த பூனை பொருளிடமே திரும்புவதில் வியப்பில்லை. ஆட்டம் கொடுத்த மகிழ்ச்சிக்குப் பில் போட்டுவிடுவது வருத்தம்தான். அதைவிட என்னை உறுத்துவது ஆட்டக்காரரை முழுதாக மறைக்கும் பூனை உடுப்பு. உள்ளே வியர்த்து ஆடுபவர் யாரென்று தெரியக்கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. கிட்டி கிட்டியாகவே இருந்தால்தான் குழந்தையின் நம்பிக்கை கலையாது என்பார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷம் கட்டுவதைப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அரிதாரம் பூசும்போது ஆட்டக்காரர் பக்கத்து ஊர்க்காரர்; கிரீடம் ஏறியதும் துரியோதனன். பயம் குறைவதே இல்லை. விடிந்ததும் வேஷத்தைக் கலைத்தவரைத் தேடிப் போய், "ராத்திரி நல்லா ஆடுன, அண்ணா" என்று கையைப் பிடிக்கிறார்கள்.